ரெம்பாவ் மேடையில் பன்னிரண்டு பிரதிகள்

மலேசியாவில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு டத்தோவின் படம். டத்தோ என்பது அங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கிற பட்டம். சிரம்பான் லோபாக்கில் நான் தங்கவிருந்த வீட்டின் கம்பிக் கதவில் பதாகை கட்டியிருந்தார்கள். நடுவில் ஆளுயரத்துக்கு டத்தோ, அவருக்கு இருபுறமும் சங்கத்துச் செயலவையினர் எட்டுப் பேர், அவர்கள் காலடியில் தபால்தலை அளவில் நான். என் புத்தகத்தின் அட்டையைத் தேடினேன். டத்தோவின் இடது செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தலைப்பைப் படிக்க முடியவில்லை.

"எப்படிம்மா இருக்கு? கலர் நல்லா வந்திருக்குலா!" என்றார் என்னை அழைத்த சங்கத் தலைவர் மாணிக்கம்.

"புத்தகம் எங்கங்க?" என்றேன்.

"அது இருக்கே, கீழ" என்று காட்டினார். கோபம் அங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்த நான்கு நாட்களில் அது குறையவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தது.

நான் முசிறிப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் இருபத்தெட்டு வருடம் விற்பனையாளராக இருந்தவள். ஓய்வு பெற்றபின் அந்தக் கடையைப் பற்றி 'நாற்பத்திரண்டாம் எண் கடை' என்று எழுதி, கைக்காசு போட்டு அச்சடித்தேன். உள்ளே பதிப்பகம் என்று போட்டிருப்பது என் வீட்டு முகவரி. எழுதுவது பெரிய வேலையே இல்லை, எழுதியதை இன்னொருவர் கையில் சேர்ப்பதுதான் வேலை என்பது அதற்கப்புறம்தான் தெரிந்தது. உள்ளூர்ப் புத்தகக் கடைக்காரர் பத்துப் பிரதி வாங்கி வைத்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கட்டுப் பிரிக்காமல் அதன்மேல் மேசை விசிறியை வைத்திருந்தார். உயரம் சரியாக இருந்ததாம். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று ஓசியில் வாங்கிப் போனார்கள். படித்தீர்களா என்று கேட்டால் "அட்டை நல்லாருக்கு" என்றார்கள். என் தங்கை மகள் முகநூலில் போடச் சொன்னாள், போட்டேன். முந்நூறு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். செத்த வீட்டுக்கும் அதே படத்தைத்தான் போடுகிறார்கள்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள். முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரு ஆள். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். முகநூலில் என்னைப் பிடித்த மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. "நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கு வாங்கம்மா. நம்ம மக்கள் தமிழ்னா உயிரக் குடுப்பாங்க" என்றார். பெட்டியில் நான்கு புடவைகளைக் குறைத்துக்கொண்டு நூறு பிரதிகளைச் சுமந்து வந்தேன்.

குறை சொல்லக் கூடாது, சோறு போடுவதில் அந்த மக்களுக்கு இணை இல்லை. மாணிக்கத்தின் மனைவி சரோஜா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பசியாறிட்டீங்களாக்கா?" காலைச் சிற்றுண்டிக்கு அங்கே அதுதான் சொல். எங்கள் ஊரில் 'டிபன்' என்று சொல்லி மறந்துபோன ஒன்றை இவர்கள் நாள் தவறாமல் சொல்கிறார்கள். ரொட்டி சானாய் என்று பரோட்டாவின் தங்கை ஒன்று, பருப்புக் குழம்போடு. நெத்திலிச் சம்பல். இழுத்து ஆற்றிய தே தாரிக் என்ற தேநீர், அதில் போட்ட சர்க்கரையில் எங்கள் கடைக் குடும்ப அட்டைக்காரர் ஒருவர் ஒரு மாதம் ஓட்டுவார். மறுக்காமல் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கோபப்படத் தெம்பு வேண்டும்.

இரண்டாம் நாள் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டமொன்றின் கோயில் மண்டபத்தில் வெளியீடு. பழைய லாரி ஓட்டுநர் பெருமாள் தன் காடியில் அழைத்துப் போனார். காரை அங்கே காடி என்கிறார்கள். பாதையின் இருபக்கமும் செம்பனை, முடிவே இல்லை. நான் கடையில் இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை பாமாயில் பாக்கெட் கொடுத்திருப்பேன், அந்த எண்ணெய்க்கு இப்படி ஒரு மரம் உண்டு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"இங்க இப்ப ஆளு யாருங்க இருக்காங்க?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல நம்மாளு கம்மிக்கா. வெளிநாட்டு ஆளுங்கதான் வெட்டறாங்க. நம்ம சனமெல்லாம் தாமான் பக்கம் போயிட்டாங்க, சிரம்பான், செண்டாயான். கோயிலு மட்டும் இங்க இருக்குல்ல, அதுக்கு வருவாங்க" என்றார். தாமான் என்றால் வீட்டுமனைக் குடியிருப்பு.

வந்தார்கள். மண்டபம் நிறைந்து வெளியில் நாற்காலி போட்டார்கள். ஒரு ரேஷன் கடைக்காரியின் புத்தகத்துக்கு இத்தனை பேரா என்று அம்மன் சந்நிதியில் ஒரு பிரதியை வைத்துக் கும்பிட்டேன். பூசாரி கட்டைவிரலால் அட்டையில் குங்குமம் அழுத்திக் கொடுத்தார்.

டத்தோ ஒன்றரை மணி நேரம் தாமதம். வந்தவர் என் பெயரைத் துண்டுச் சீட்டில் பார்த்துச் சொன்னார். தமிழ் வாழ்க என்றார், தன் அடுத்த நிகழ்ச்சி எங்கே என்றும் சொன்னார். முதல் பிரதி வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த முதல் பிரதி நாற்காலியிலேயே கிடந்தது. பெரிய மனிதர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன்.

அதன்பின் பொதுமக்கள். ஒவ்வொருவராக மேடையேறி, கையில் பணம் வைத்த ஓர் உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, என்னோடு சிரித்துப் படம் பிடித்துக்கொண்டு மறுபக்கப் படியில் இறங்கினார்கள். மாணிக்கம் பிரதிகளை எடுத்து எடுத்து என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது பேர் போயிருப்பார்கள். என் கைக்கு வந்த பிரதியின் அட்டையில் குங்குமக் கட்டைவிரல் இருந்தது.

சாமி முன் வைத்த பிரதியை யாருக்கோ கொடுத்துவிட்டேனே என்று அதற்கு முன்பே வருத்தப்பட்டிருந்தேன். இதோ திரும்ப வந்திருக்கிறது. ஒரு பல்லில்லாத பெரியவருக்குக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி வந்தது. ஒரு கல்லூரிப் பெண்ணுக்குக் கொடுத்தேன். மறுபடி வந்தது. மூன்றாம் முறை அது வந்தபோது படிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். இறங்குகிற இடத்தில் சரோஜா நின்றுகொண்டு, "புக்கு வேணுமா, வேணாமா?" என்று கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். வாங்கியதை மேடைக்குப் பின்னால் கொண்டுபோய் மாணிக்கத்திடம் கொடுத்தாள். எண்பத்தாறு பேருக்கு நான் புத்தகம் கொடுத்தேன். பெட்டியிலிருந்து எடுத்தது பன்னிரண்டே பிரதிகள்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் மேடையிலேயே அளந்திருக்கிறார்.

பந்தியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாணிக்கத்தைத் தனியாகப் பிடித்தேன். "என்னங்க இது? ஒரே புத்தகத்த ஊருக்கெல்லாம் சுத்தி விடறீங்க?"

அவருக்கு என் கோபம் புரியவேயில்லை. "இங்க பழக்கமே அப்படித்தான்மா. ஆதரவு குடுக்க வந்திருக்காங்க. எல்லாரும் குடுத்துட்டாங்க. புத்தகம் உங்களுக்கு மிச்சம், வேற ஊருல போடலாம்லா!"

"படிக்கறதுக்கு?"

"படிக்கறதா?" என்றார். நான் ஏதோ மலாயில் பேசிவிட்டதுபோலப் பார்த்தார்.

சரோஜா ஓடி வந்தாள். முகம் வாடியிருந்தது. "அக்கா மன்னிச்சிருங்க. எண்ணிப் பாத்தேன், பதினொண்ணுதான் இருக்கு. ஒண்ண மட்டும் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. நான் கேட்டேன், குடுக்காமயே எறங்கிட்டாங்க."

ஒரு புத்தக வெளியீட்டில் ஒருவர் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் பாயசத்தைக் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் உறைகளை என் முன்னால் கொட்டச் சொன்னேன். கல்யாண மொய் போலப் பெயரும் ஊரும் எழுதியிருந்தது. "நான் பிச்சை வாங்க வரல. உறை குடுத்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய்ப் புத்தகத்தக் குடுத்துட்டுத்தான் விமானம் ஏறுவேன்" என்றேன். மாணிக்கம் தலையைச் சொறிந்தார். பெருமாளுக்கு மட்டும் குஷி. "ஜாலான் ஜாலான் போலாம்க்கா!" என்று காடியை எடுத்தார். ஊர் சுற்றுவதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் வீடு ரெம்பாவ் அருகே ஒரு தாமானில். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரவைத்து நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், சங்கடப்பட்டார்.

"எனக்குப் பேச வரும்மா, படிக்க வராது. மலாய் ஸ்கூல்."

"பின்ன எதுக்குங்க மேடைக்கு வந்தீங்க?"

"மாணிக்கம் கூப்டாரு. எம்மக கல்யாணத்துக்கு அவரு வந்து செஞ்சாரு. நாம போகலன்னா நல்லாருக்காதுல்ல?"

அப்போதுதான் விளங்கியது. உறையெல்லாம் எனக்கு வந்தவை அல்ல, மாணிக்கத்துக்கு வந்தவை. எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே மொய்விருந்து என்று நடத்துவார்கள், அதற்குக் காதுகுத்தோ கல்யாணமோ ஏதாவது ஒரு சாக்கு வேண்டும். இங்கே என் புத்தகம் சாக்கு. கல்யாணத்தில் அது மாப்பிள்ளை இல்லை, வாசலில் கட்டிய வாழைமரம். அந்த மனிதர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் பண்பானவர். அதுதான் இன்னும் எரிச்சல், திட்டுவதற்கு ஆளே கிடைக்காமல் அலைவது.

இரண்டாவது வீட்டில் ஓர் அம்மாள் புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். எனக்கு நம்பிக்கை வந்தது. நேராகச் சாமி மேடைக்குப் போய், முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் சாத்திவைத்து, ஒரு செம்பருத்தியும் வைத்தாள். "சரஸ்வதிலா!" என்றாள். சரஸ்வதியைத் திறந்து படிக்க வேண்டும் தாயே என்று வாய்வரை வந்தது. அதற்குள் தட்டில் பலகாரம் வந்துவிட்டது.

ஒன்பது வீடு ஏறி இறங்கினோம். பத்தாவதற்குப் போகும் வழியில், தோட்டப் பாதையில் செம்பனை மட்டையின் முள் சக்கரத்தில் ஏறிவிட்டது. மாற்றுச் சக்கரம் எங்கள் புத்தகப் பெட்டிகளுக்கு அடியில். பெட்டிகளை இறக்கிப் புல்லில் வைத்தோம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் தானாக நிறுத்தி, சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்து திருகாணியைக் கழற்றினார். பெட்டியில் என்ன என்று கேட்டதாகப் பெருமாள் மொழிபெயர்த்தார். புத்தகம் என்றதும் எதைப் பற்றி என்று கேட்டார். அரசாங்கம் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கிற கடையைப் பற்றி என்றோம். தலையாட்டிவிட்டு, எடை சரியாகப் போடுவார்களா என்று கேட்டார்.

மூன்று நாளில் என் புத்தகம் எதைப் பற்றியது என்று கேட்ட முதல் ஆள் அவர். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது.

அன்று மாலை மாணிக்கம் வீட்டில் கைபேசி இணையத்தோடு ஒட்டிக்கொண்டதும் ஒரு செய்தி வந்து விழுந்தது. புத்தகத்தின் பின்பக்கம் என் எண் போட்டிருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தமிழ்: உங்க புக் படிச்சேன். சில கேள்வி இருக்கு. நாளைக்கு எனக்கு லீவு, செண்டாயான் வர முடியுமா?

புத்தகத்தைத் திருப்பித் தராத அந்த ஆள்! எழுந்து நின்று படித்தேன், உட்கார்ந்து படித்தேன். சரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, ஆளு கெடச்சிருச்சு, இனி புக்க வாங்கிரலாம்" என்றாள் அவள்.

நான்காம் நாள் செண்டாயான். தோட்டமெல்லாம் அழிந்து புது வீடுகளும் தொழிற்சாலைகளும் ஆகிவிட்ட இடம். கடைவரிசையில் ஒரு சாப்பாட்டுக் கடை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், கண்ணாடி, இறுக்கிப் பின்னிய தலை. பெயர் சுகுணா. எனக்குத் தோசை சொல்லிவிட்டுத்தான் பேசத் தொடங்கினாள்.

"அன்னிக்கு நான் புக்கு திருப்பிக் குடுக்கல ஆண்டி. எல்லாரும் குடுத்தாங்க. தமிழ் ஸ்கூல்ல படிச்சது, கையில தமிழ் புக்கு வந்து ரொம்ப நாளாச்சு, குடுக்க மனசு வரல. சாரிலா."

"இன்னொரு வாட்டி சாரின்னு சொன்னே, அடிதான்" என்றேன். சிரித்தாள்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்தாள். நான் திடுக்கிட்டுப் போனேன். பக்கங்களின் ஓரத்தில் சின்னச் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறிகள், ஒட்டுத்தாள்கள், இருபதுக்கும் குறையாது.

"இது என்னம்மா?"

"எங்க ஃபேக்டரி ஸ்டிக்கரு. நான் கியூசி. லைன்ல வர்ற பார்ட்ஸ்ல கொற இருந்தா அந்த எடத்துல இத ஒட்டணும். படிக்கறப்ப கை சும்மா இருக்கல."

தொடங்கினாள். இருபத்து மூன்றாம் பக்கத்தில் கடையில் இரண்டு தராசு, நாற்பதாம் பக்கத்தில் ஒன்று, இன்னொன்று எங்கே? ஒன்று பழுதுபார்க்கப் போயிருந்தது என்றேன். "அப்ப அத எழுதணும்ல?" துவரம் பருப்பு வராத மாதத்தில் ஒருவருக்குத் துவரம் பருப்பு எப்படிக் கொடுத்தீர்கள்? அச்சுப்பிழை என்றேன். நம்பவில்லை. எடையாளர் சுப்பையாவின் பிள்ளைகள் மூன்றா, நான்கா? இப்படி ஒவ்வோர் அம்புக்குறிக்கும் நான் சண்டை போட்டேன், அவளும் விடவில்லை. தோசை ஆறிப்போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அந்த அரைமணி நேரம்போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

பிறகு எழுபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தாள்.

"இந்த எடம். புருசன் செத்தப்புறம் அவர் பேருக்கும் சேத்து அரிசி வாங்குன பொம்பள. வரிசைல அத்தன பேரு முன்னால, ஆபீசர் வந்து அவங்க கார்டக் கிழிச்சாருன்னு எழுதிருக்கீங்க."

"ஆமா."

"வரிசைல எல்லார் கையிலயும் கேன் இருந்துச்சுன்னும் எழுதிருக்கீங்க. அப்ப மண்ணெண்ணெ ஊத்தற நாளு." முப்பத்தொன்றாம் பக்கத்துக்குப் போனாள். "இங்க என்ன எழுதிருக்கீங்க? மண்ணெண்ணெ நாள்ல அந்த நாத்தத்துக்குப் பயந்து ஒரு ஆபீசர்கூட கடப் பக்கம் வர மாட்டாங்க, இருபத்தெட்டு வருசத்துல ஒருத்தர்கூட வந்ததில்லன்னு. அப்ப கார்டக் கிழிச்சது யாரு ஆண்டி?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "உனக்கு எங்க ஊரு கடையப் பத்தி என்ன தெரியும்? வெயில்ல நின்னு மூட்டை எண்ணியிருக்கியா? ஆயிரத்து முந்நூறு கார்டு, ரெண்டே ஆளு! என்னமோ வந்து அம்பு ஒட்டறே!" பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அவள் குரல் உயரவில்லை. "கட தெரியாது ஆண்டி. புக்குதான் தெரியும். ரெண்டு வாட்டி படிச்சேன்."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். வெளியே காடியில் பெருமாள் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடலாம். நூறு புத்தகத்தைக் கடல்தாண்டிச் சுமந்துவந்தது யாராவது ஒருவர் முழுதாகப் படிக்க வேண்டும் என்றுதானே. படித்த ஒரே ஒருத்தியை விட்டு எங்கே ஓடுவது? மறுபடி உட்கார்ந்தேன்.

"நான்தான் கிழிச்சேன்" என்றேன்.

செத்தவன் பேரில் அரிசி வாங்குகிறாயா என்று சத்தம் போட்டு, நான்காகக் கிழித்துத் தராசுத் தட்டில் போட்டேன். மேலதிகாரி யாரும் சொல்லவில்லை. விதியும் அப்படி இல்லை, பெயரை நீக்கிக்கொடுத்தால் போதும். அன்று கூட்டம் அதிகம், எனக்குக் கோபம். அந்தப் பெண் காலி கேனை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் கடைக்கு வரவேயில்லை. எழுத உட்கார்ந்தபோது கை தானாக அதிகாரி என்று எழுதியது. ஊரில் அந்தப் பக்கத்தைப் படித்திருந்தால் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஒருவரும் படிக்கவில்லை.

சுகுணா பேனாவை எடுத்து நீட்டினாள். "கையெழுத்து போடுங்க ஆண்டி."

நான்கு நாளில் என்னிடம் கையெழுத்துக் கேட்ட ஒரே ஆள். முதல் பக்கத்தைத் திருப்பப் போனேன். அவள் என் கையைத் தடுத்து, எழுபத்தெட்டாம் பக்கத்தையே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'அதிகாரி' என்பதை அடித்துவிட்டு மேலே 'நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தொடர்ந்து வருகிற வினைச்சொற்களையும் திருத்தச் சொன்னாள். திருத்தினேன்.

புத்தகத்தைத் திருப்பிவைத்துப் படித்துப் பார்த்தாள். அந்த ஓர் அம்பை மட்டும் உரிக்கவில்லை.

"அந்தப் பொம்பள, அந்தப் பொம்பளன்னே வருது. அவங்க பேரு என்ன ஆண்டி?"

குடும்ப அட்டையில் முதல் வரியில் குடும்பத் தலைவர் பெயர் இருக்கும். அவர் செத்துவிட்டார் என்றுதான் கிழித்தேன், அதனால் அந்தப் பெயர் இன்னும் நினைவிருக்கிறது. மனைவியின் பெயர் இரண்டாவது வரியில் இருந்திருக்கும். நான் அதைப் படிக்கவில்லை.